பிறவுணி வழிவிட்டது

குரல் முன்விறாந்தையில் இருந்து வந்தது. மறுநொடியே பின்பக்கக் குசினிக்குள் இருந்து வந்தது. நடுவில் படுத்திருந்த நாய், பிறவுணி, திடுக்கிடவில்லை.

திடுக்கிட்டிருக்க வேண்டும். கம்சிகா மாலை வகுப்பில் உளவியல் படிக்கிறாள். ஒரு விலங்கையும் ஒரு மனிதரையும் ஒரே சோதனையில் ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த மாதப் பயிற்சி. வீட்டின் இரண்டு முனைகளிலும் சின்ன ஒலிபெருக்கிகள். அலுமாரியின் மேல் படம் பிடிக்கும் கைத்தொலைபேசி. பழகின குரல் ஓரிடத்தில் கேட்டு, எவராலும் அவ்வளவு விரைவாகப் போக முடியாத இன்னோர் இடத்தில் உடனே கேட்டால், அந்த ஆளை நினைவில் வைத்திருக்கும் விலங்கு குழம்பிப்போய் அங்குமிங்கும் பார்க்கும். மறந்துவிட்டதென்றால் சும்மா கிடக்கும்.

குரல் வீட்டுக்காரர் தம்பிஐயாவுடையது. மாத்தறையில் கடை நடத்தி ஓய்ந்து, புங்குடுதீவுக்குத் திரும்பி இந்த நாயோடு தனியே இருந்தவர். அவர் இறந்து இன்னும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு கழியவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் மகன் பிரசாந்தன்தான் பழைய குரல்பதிவை அனுப்பியிருந்தான்.

"செத்த மனிசன்ரை குரலை வைச்சு விளையாடுறீரோ?" என்று முதலில் அதட்டியவன் பிறகு சிரித்தான். "அனுப்புறன், அனுப்புறன். அப்பா என்னோடை கதைச்சதிலும் பார்க்க நாயோடை கதைச்சதுதான் கூட."

"அவரை இன்னும் தேடுதோ எண்டு தெரியவேணும் அண்ணை. மறந்திட்டுதெண்டால் என்னோடை வேலணையிலை பார்த்த புது அறைக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

"கொண்டு போம். அந்தியேட்டியோடை வீட்டைப் பூட்டச் சொல்லிப்போட்டன்."

அந்த நாயை விட்டால் அவளுக்கு இங்கே யாரும் இல்லை. வவுனியாவில் இருந்து மாற்றலாகி, இந்த வீட்டின் பக்கத்தறையில் வாடகைக்கு வந்தவள். சுற்றிவரப் பூட்டிய வீடுகள். ஒருநாள் பஸ்ஸில் யாரோ ஒரு பெண்ணின் தோள் தன் தோளில் உரசியபோதுதான், எத்தனையோ மாதங்களாக எவரும் தன்னைத் தொடவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. பிறவுணியும் அவள் வைக்கும் சோற்றைத் தின்றுவிட்டு தம்பிஐயா உட்கார்ந்த கதிரையடிக்கே போய்ப் படுத்துவிடும்.

இப்போது அது தலையைத் தூக்கியிருந்தது. வாசலில் நின்ற அதன் பார்வை, ஒரு வயதான மனிதன் நடக்கும் வேகத்தில், அவன் முகம் இருக்கக்கூடிய உயரத்தில், மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்தது. பாதி தூரத்தில் பிறவுணி எழுந்தது. ஒடுங்கிய நடைவழியில் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டது. பார்வை குசினி வரை போனது. வால் ஆடியது.

பிழை தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று கம்சிகா நினைத்தாள். ஒலி எதிரொலித்திருக்கலாம். வற்றிய களப்பின் பாசி நாற்றத்தைச் சுமந்துகொண்டு வந்த காற்று பனையோலைகளை ஓயாமல் உரசிக்கொண்டிருந்தது, அந்தச் சரசரப்பைக் காலடி என்று நாய் எண்ணியிருக்கலாம். கதவுகளை எல்லாம் சாத்தினாள். ஒலிபெருக்கிகளை நிறுத்திவிட்டு, குரலே இல்லாமல் பார்த்தாள்.

குரல் இல்லை. பிறவுணி மறுபடி வழிவிட்டது.

மனிதப் பகுதி மிச்சம் இருந்தது. வேறு ஆள் இல்லை. நாய் படுத்த இடத்தில் தானே உட்கார்ந்து பதிவை ஓடவிட்டாள். "வா ராசா, இஞ்ச வா. பயப்பிடாதை." முன்னால். பிறகு பின்னால். அவ்வளவுதான். எழுந்துபோய்த் தொலைபேசியின் முகத்துக்கு நேரே, "ஒண்டும் நடக்கேல்லை" என்று முறைப்படி சொல்லி நிறுத்தினாள்.

மைமல் இருட்டுப் பட்டுவிட்டது. விளக்கைப் போடாமலே படத்தைப் பார்த்தாள்.

முதலில் நாய். வழிவிட்டு நின்ற பிறவுணியின் நெற்றி மயிர் படிந்தது. பிடரிவரை படிந்துகொண்டே போனது. நிமிர்ந்தது. மறுபடி படிந்தது. காது மடங்கி விரிந்தது. நாய் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கொடுத்தது.

காற்றாக்கும். கதவு சாத்தியிருந்தது.

அடுத்தது அவள். நிலத்தில் சப்பணம் கட்டி இருக்கிறாள். குரல் முன்னால். குரல் பின்னால். இந்த இடத்தில் எழுந்திருக்க வேண்டும்.

எழவில்லை.

படம் ஓடிக்கொண்டே இருந்தது. வெகுநேரம். அவளுடைய உச்சித் தலைமயிர் படிந்தது. நிமிர்ந்தது. படிந்தது. நெற்றியிலிருந்து பிடரிக்கு. பொறுமையாக. திரும்பத் திரும்ப.

அவளுக்கு நினைவில்லை. எதுவும்.

திரையில் இருந்தவள் கண்ணை மூடியிருந்தாள். தலை சாய்ந்திருந்தது. உதடு அசைந்தது. கம்சிகா ஒலியைக் கூட்டினாள். பனையோலை உரசும் சத்தம். அதற்கும் கீழே அவளுடைய சொந்தக் குரல், குழந்தையின் குரல்போல.

"இல்லை ஐயா. நான் போகமாட்டன்."

தலைமயிர் மறுபடி படிந்தது. அவள் சிரித்தாள்.