பூர்த்தி செய்தவர்: கணவர்

கப்பல் புறப்பட எழுபத்திரண்டு மணி நேரம் இருக்கும்போதுதான் அந்தப் படிவம் திறக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் லேபில் அன்றைய கடைசி ரத்தக் குப்பிக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டினாள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். மூன்றாவது மாடி. பூட்டைத் திறந்ததும் முதல் வேலையாக எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்தாள். எட்டு மாதமாக அதுதான் வழக்கம். தூசி வரும், மூடு என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

மதியம் மூன்று மணி. வெயில் சாப்பாட்டு மேஜையின் பாதி வரைக்கும் வந்திருந்தது. பயப்படுவதற்கு ஏற்ற நேரமே இல்லை.

செல்போனில் இணைப்பைத் தட்டினாள். பயணத்துக்கு முந்தைய உடல்நலப் பதிவு. காய்ச்சல் உண்டா? இருமல்? மூச்சுத் திணறல்? மூன்றுக்கும் ‘இல்லை’ என்று அழுத்தினாள். இன்றைய உடல் வெப்பம் என்று ஒரு கட்டம் இருந்தது. அளக்காமல் ஓர் எண்ணை எழுதுவது அவளுக்குப் பழக்கமில்லை. இழுப்பறையிலிருந்து கண்ணாடித் தெர்மாமீட்டரை எடுத்து உதறி, நாக்கின் அடியில் வைத்து, சுவர்க் கடிகாரத்தில் மூன்று நிமிடம் பார்த்தாள். 98.2. அதையே எழுதினாள்.

சரிபார்க்கும் பக்கம் வந்தது.

காய்ச்சல்: ஆம். இருமல்: ஆம். மூச்சுத் திணறல்: ஆம். உடல் வெப்பம்: 103.4.

விரல் தவறியிருக்கும். திரும்பப் போய் முதலிலிருந்து நிரப்பினாள். இந்தமுறை ஒவ்வொரு ‘இல்லை’யிலும் நீலப் புள்ளி விழுவதைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டாள். அடுத்த பக்கத்தில் மூன்றும் ‘ஆம்’ என்றே இருந்தன.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. வலித் தைலம். அந்தப் பாட்டிலை அவள் எட்டு மாதத்துக்கு முன்பே குப்பையில் போட்டுவிட்டாள்.

மேஜைக்கு எதிர்ப்புறம், வெயில் எட்டாத பாதியில், ஒரு சத்தம்.

ட்டிக். ட்டிக்.

பந்துமுனைப் பேனாவை இரண்டு தடவை அழுத்தும் சத்தம். எதை எழுதும் முன்பும் அவர் அப்படித்தான் அழுத்துவார்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. திரையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைப் படித்தாள்.

பூர்த்தி செய்தவர்: கணவர்.

இருபத்தேழு வருடம் அவளுடைய எல்லாப் படிவங்களையும் அவர்தான் நிரப்பினார். வங்கி, வாக்காளர் அட்டை, வேலைக்கான உறுதிமொழி, எல்லாம். கையெழுத்துப் போட மட்டும் அவளைக் கூப்பிடுவார். அது கூடப் பரவாயில்லை. அவள் எங்காவது போக வேண்டும் என்று ஆசைப்பட்டால் போதும், அவர் போனை எடுத்து ஒரே வாக்கியம் சொல்வார்: “அவளுக்கு உடம்பு சரியில்லை.” லேபில் எல்லோரும் கிளம்பிய சுற்றுலாவுக்கு அப்படிச் சொன்னார். கூடப் படித்தவர்கள் கூடியபோது சொன்னார். தங்கை கல்யாணத்துக்கும் சொன்னார். அன்று அவள் புடவை கட்டி, பையோடு வாசலில் நின்றிருந்தாள். அவர் கோபப்படவில்லை. கை ஓங்கவும் இல்லை. பையை மெதுவாக வாங்கி உள்ளே வைத்துவிட்டு, “நான் சொல்லிட்டேன். இப்ப நீ போனா நான் பொய்க்காரன் ஆயிடுவேன். படுத்துக்கோ,” என்றார்.

படுத்துக்கொண்டாள். பார்க்க வந்தவர்கள் முன்னால் அவர் அவளுடைய நெற்றியில் உள்ளங்கையை வைத்து, “இன்னும் சூடு விடல,” என்பார். நாளாக ஆக உறவில் அவளுக்குச் சீக்காளி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

103.4 என்பது அவளுடைய உடம்பின் எண்ணே இல்லை. ஆஸ்பத்திரியில் அவர் இறந்த காலையில், கடைசியாக எடுத்த அளவு அது. படிவம் போய்ச் சேர்ந்தது; திரை சிவப்பானது.

போன் அடித்தது. தங்கை.

“என்னக்கா, போட்டாச்சா? எனக்குப் பச்சை வந்துருச்சு, ஏறலாமாம்.”

“எனக்குச் சிவப்பு.”

“அக்கா, உனக்கு உண்மையிலேயே ஒண்ணுமில்லையே?”

“நீயும் அதையே கேக்குற.”

“சும்மா கேட்டேன்.”

“சும்மா கேட்டவங்க இத்தனை வருஷமா வாங்கிட்டு வந்த ஆப்பிளை நட்டிருந்தா ஒரு தோட்டமே ஆகியிருக்கும்.”

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, கோவிச்சுக்காத. சிவப்பு வந்தவங்களை துறைமுகத்துல நேர்ல பாப்பாங்களாம். உன்னை ஏத்தலைன்னா நானும் ஏறல.”

“நீ ஏறு. உன் குறட்டைக்குப் பயந்து தனி அறை வேற போட்டிருக்கேன்.”

போனை வைத்தாள். வாசனை இன்னும் போகவில்லை. எதிரே இருந்த காலி நாற்காலியை நேராகப் பார்த்தாள். பேசினாள்.

“என்ன வேணா எழுதிக்குங்க. நான் போறேன்.”

பேனாச் சத்தம் மறுபடி வரவில்லை.

எழுந்து போய்ப் பெட்டியை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். கண்ணாடித் தெர்மாமீட்டரைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்தாள்.

*

துறைமுகக் கூடம் காலை பத்து மணிக்கே நிரம்பியிருந்தது. உயரமான கூரை, பளபளக்கும் தரை, பெட்டிச் சக்கரங்களின் ஓயாத உருளல். பச்சைக்காரர்கள் நேராகப் போனார்கள். சிவப்புக்காரர்களுக்கு ஓரத்தில் ஒரு மேஜை, ஒரு நர்ஸ். தங்கை தள்ளி நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் சின்னப் பெண். துப்பாக்கி மாதிரி இருந்த கருவியை அவளுடைய நெற்றிக்கு நேராக நீட்டினாள். பீப்.

“அம்மா, நூத்தி மூணு புள்ளி நாலு. நீங்க நின்னுக்கிட்டிருக்கிறதே பெரிய விஷயம்.”

“எனக்குக் காய்ச்சல் இல்லைம்மா.”

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. போன தடவை ஒருத்தர் தொப்பிக்குள்ள ஐஸ் வச்சுக்கிட்டு வந்தார்.” நர்ஸ் இரக்கமாகத்தான் பேசினாள். “கப்பல்ல ஏறின பிறகு காய்ச்சல்னு தெரிஞ்சா கதவுல மஞ்சள் அட்டை ஒட்டிடுவாங்க. அப்புறம் ஏழு நாளும் அறைக்குள்ளதான். சாப்பாடு வாசல்ல வரும். தினமும் கதவுக்கு அடியில ஒரு சீட்டு வரும், சூடு எவ்வளவுன்னு எழுதி வெளிய தள்ளணும். அதுக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியா படுத்துக்கலாம்.”

படுத்துக்கலாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்கு முதுகு நிமிர்ந்தது.

“நான் முப்பது வருஷமா லேப்ல இருக்கேன். ஒரு கருவி சொன்னதை இன்னொண்ணுல பாக்காம எழுத மாட்டோம்.” கைப்பையிலிருந்து கண்ணாடித் தெர்மாமீட்டரை எடுத்து வாயில் வைத்தாள். மூன்று நிமிடம். நர்ஸ் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

“தொண்ணூத்தெட்டு புள்ளி ரெண்டு,” என்றாள். குழப்பத்தோடு கருவியை மறுபடி நெற்றிக்கு நீட்டினாள். பீப். “நூத்தி மூணு புள்ளி நாலு.”

“சுவத்துல காட்டுங்க.”

“எழுபத்தொம்பது.”

“இப்ப என் இடது பக்கம். தோளுக்கு மேல.”

“அங்க யாரும் இல்லையேம்மா.”

“யாரும் இல்லைன்னா சுவரோட கணக்குதானே வரணும். காட்டுங்க.”

நர்ஸ் கருவியைக் காலி இடத்துக்கு நேராகப் பிடித்தாள்.

பீப்.

நர்ஸ் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

103.4.

கருவியை இன்னும் கொஞ்சம் மேலே நகர்த்தினாள். அதே எண். அவளுடைய தலைக்கு ஒரு சாண் மேலே போனதும் சட்டென்று எண்பதுக்கு இறங்கியது. அவர் அவளைவிட ஒரு சாண் உயரம்.

தைல வாசனை காதோரம் வந்தது.

இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நெற்றி சுடவில்லை. நெற்றியின் மேல் ஏதோ சுட்டது. உலர்ந்த, அகலமான, பழகிய ஒன்று.

ஓர் உள்ளங்கை.

பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. உட்கார்ந்துவிட்டால் தங்கை ஓடி வருவாள், யாராவது தண்ணீர் கொடுப்பார்கள், எல்லோருமாக அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைப்பார்கள். அது ரொம்பச் சுலபம்.

அவள் உட்காரவில்லை.

“கையை எடுங்க,” என்றாள், உதடு அசையாத குரலில்.

சுற்றிலும் பெட்டிகள் உருண்டன. எங்கோ ஒரு குழந்தை அழுதது.

“இருபத்தேழு வருஷம் வச்சிருந்தது போதும். எடுங்க.”

நெற்றியில் காற்றுப் பட்டது.

“இப்ப பாரும்மா,” என்றாள் நர்ஸிடம்.

பீப். 98.4.

நர்ஸ் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை; இடது பக்கத்தையும் பார்க்கவில்லை. அவசரமாகக் குத்தியதில் தாளில் முத்திரை கோணலாக விழுந்தது. “போங்கம்மா,” என்று முணுமுணுத்தாள். “சீக்கிரம் போயிடுங்க.”

தங்கை ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “அவ்வளவு நேரம் என்னக்கா கேட்டாங்க?”

“பழைய கதை. முடிச்சுட்டேன்.”

*

முடியவில்லை.

ஏழாவது தளத்தில் நீளமான, தடித்த கம்பளம் விரித்த நடைபாதை. நடப்பவர்களின் காலடியே கேட்காது. அவளுடைய அறை சின்னது. வட்டக் கண்ணாடிக்கு வெளியே கடல். பெட்டியை வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது கட்டிலில் போர்வை ஒரு பக்கமாக மடித்து விடப்பட்டிருந்தது. ஒருவர் உள்ளே நுழைந்து படுப்பதற்கு வசதியாக. அந்த மடிப்பு அவளுக்குத் தெரியும்.

அறை போன் அடித்தது. அந்தத் தளத்து அறைப் பணியாளர்.

“அம்மா, சார் இப்பத்தான் போன் பண்ணினார். உங்களுக்கு உடம்பு சரியில்லை, பயணம் முழுக்க வெளிய வர மாட்டீங்கன்னு சொன்னார். டாக்டரை அனுப்பட்டுமா?”

“எங்கேர்ந்து பண்ணினார்?”

“உங்க அறையிலேர்ந்துதாம்மா.”

அவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள். காதில் படும் பக்கத்தில் தைல வாசனை அடித்தது.

முதுகுக்குப் பின்னால் கட்டில் மெதுவாக முனகியது. யாரோ ஓரத்தில் உட்கார்ந்து, அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தது போல.

அவள் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே நின்றாள். பயம் இருந்தது. ஆனால் அதற்கு மேலே, வெகு காலமாகக் கிளம்பாத ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது.

“ஹலோ? அம்மா?”

“சார் மாத்திச் சொல்லிட்டார்,” என்றாள் அவள் நிதானமாக. “உடம்பு சரியில்லாதது எனக்கில்லை, அவருக்கு. நூத்தி மூணு புள்ளி நாலு. இருமல் இருக்கு, மூச்சுத் திணறல் இருக்கு. மஞ்சள் அட்டை எடுத்துட்டு வாங்க.”

“அடடா. நீங்க?”

“என்கிட்ட முத்திரை போட்ட தாள் இருக்கு. நான் தங்கச்சி அறைக்குப் போறேன்.”

ஐந்து நிமிடத்தில் பணியாளர் முகக்கவசமும் கையுறையுமாக வந்தார். அவள் பெட்டியோடு வாசலில் நின்றாள். பணியாளர் அவளுடைய தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தூங்குறார் போலிருக்கு. தலையோட போர்த்திட்டிருக்காரே.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கதவைச் சாத்தினாள். பணியாளர் அட்டையை ஒட்டி, நான்கு மூலையையும் அழுத்தித் தேய்த்துவிட்டுப் போனார். நடைபாதை வெறிச்சோடியதும், அவள் கதவின் அருகே வாயைக் கொண்டுபோய்ச் சொன்னாள்:

“உங்களுக்கு உடம்பு சரியில்லை. நான் சொல்லிட்டேன். இப்ப நீங்க வெளிய வந்தா நான் பொய்க்காரி ஆயிடுவேன். படுத்துக்குங்க.”

*

தங்கை விடிய விடியக் குறட்டை விட்டாள். அவள் அதற்கு நடுவிலேயே தூங்கினாள், பல வருடங்களில் தூங்காத தூக்கம்.

விடிந்ததும் இருவரும் மேல்தளத்துக்குக் கிளம்பினார்கள். அவளுடைய பழைய அறையைத் தாண்டித்தான் படிக்கட்டுக்குப் போக வேண்டும். “நீ முன்னால போ,” என்று தங்கையை அனுப்பிவிட்டு அவள் அங்கே நின்றாள். வாசலில் மூடிய சாப்பாட்டுத் தட்டு தொடப்படாமல் இருந்தது. கதவுக்கு அடியில், பாதி வெளியே நீட்டிக்கொண்டு, அன்றைய சீட்டு.

குனிந்து எடுத்தாள். நிரப்பியிருந்தது. வலப்பக்கம் சாய்ந்த, ஒழுங்கான கையெழுத்து. காய்ச்சல்: ஆம். இருமல்: ஆம். வெப்பம்: 103.4. பெயர் என்ற இடத்தில் அவளுடைய பெயர்.

கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். சீட்டைச் சுவரில் வைத்துத் தன் பெயரை அழுத்தமாக ஒரு கோடு போட்டு அடித்தாள். அதன் மேலே அவருடைய பெயரை எழுதினாள். கீழே, பூர்த்தி செய்தவர் என்ற இடத்தில் இருந்ததையும் அடித்துவிட்டு, ‘மனைவி’ என்று எழுதினாள்.

சீட்டைக் கதவுக்கு அடியில் திரும்பத் தள்ளினாள். பாதி போய் நின்றது.

அவள் காத்திருந்தாள்.

மீதிப் பாதி, மெதுவாக, தானே உள்ளே போயிற்று.

“அக்கா,” படிக்கட்டிலிருந்து தங்கை கூப்பிட்டாள். “சூரியன் வந்துருச்சு, வா.”

“வந்துட்டேன்.”

கம்பளத்தில் அவளுடைய காலடி கேட்கவில்லை. அதனால் பின்னால் அந்தக் கதவுக்குள்ளிருந்து வந்தது தெளிவாகவே கேட்டது.

ட்டிக்.

ட்டிக்.

அவள் படியேறினாள்.