கல்யாணச் சுருளில் இரண்டு முகங்கள்

புண் ஆறும்; அழுகிய பிலிம் ஆறாது. முப்பது வருடமாக லோதார் நம்பிய வேதம் அது ஒன்றுதான். ஆனால் வெள்ளிக்கிழமை பழுப்புத் தேனாக உருகிக் கிடந்த முகம், ஞாயிறு மதியம் அதே பிலிமில் பளிச்சென்று சிரித்தது.

லைப்சிக் நகரத்தில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் அவரைப் பற்றித் தெரியாதவர் இல்லை. பழைய ஊமைப்படங்களைத் தேடிப் பிடித்து, வரலாறு எழுதி, பிரதி எடுத்துக் காப்பாற்றுவது அவர் பிழைப்பு. அழுகும் பிலிம் தானாகவே தீப்பிடிக்கும், உடனே தீயணைப்பு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். மனைவியின் பிறந்தநாளையே மறப்பவர் சட்டத்தையா நினைவில் வைப்பார்? உலகிலேயே ஒரே பிரதி என்று, 1913ஆம் வருடத்துக் கல்யாணப் படம் ஒன்றை வீட்டுக்குள் தகரப் பெட்டியில் ஒளித்து வைத்திருந்தார். அதில் மாமியாருக்கும் மணப்பெண்ணுக்கும் மட்டும் முகங்கள் அரித்துப் போயிருந்தன.

"ஊறின காலுறை நாத்தம்!" சமையலறையிலிருந்து மனைவி கெர்லிண்டே கத்தினாள். "அந்தப் பொட்டியக் குடுத்துத் தொலை, லோதார். இல்லன்னா என்னையும் சேத்துக் குடுத்துடு. அவங்களாவது என் மூஞ்சியப் பாத்துப் பேசுவாங்க."

அவர் பூதக்கண்ணாடியை நெருக்கினார். முகம் ஆறிய படத்து மாமியாருக்கு மூக்கோரம் மரு. கோணல் சிரிப்பு. கீழ்வீட்டுத் திருமதி ஊர்பானின் முகம் அப்படியே.

ஒரு பிரதியில் ஓட்டை விழுந்தால் இன்னொரு பிரதியிலிருந்து எடுத்து ஒட்டுவார்கள். அவருடைய வேலையே அதுதான். இதற்கு இன்னொரு பிரதி கிடையாது. பிறகு இந்த முகம் எதிலிருந்து எடுத்து ஒட்டியது?

மெழுகும் வேகவைத்த முட்டைக்கோசும் மணக்கும் மாடிப்படியில், தன் செருப்புச் சத்தத்துக்கே திடுக்கிட்டு, கைப்பிடியை விடாமல் இறங்கிப் போய்த் திருமதி ஊர்பானின் கதவைத் தட்டினார். கதவு திறந்தது.

"லோதாரா? வெள்ளிக்கிழமைலேர்ந்து எனக்குக் கண்ணே தெரியலப்பா..."

வாய் அசையவில்லை. வாய் இல்லை. நெற்றியிலிருந்து கழுத்துவரை பழுப்புத் தேன், மெதுவாகக் கொப்பளித்தபடி.

மேலே ஓடினார். மணப்பெண்ணின் முகத்தில் இப்போது ஒரு தாடை முளைத்திருந்தது. நடுவில் குழி. கெர்லிண்டேயின் தாடை.

பழைய தொலைபேசியில் எண்ணைச் சுழற்றினார்.

"தீயணைப்பு நிலையம். சொல்லுங்க."

சொல்ல வேண்டியது ஒரே வரி. வந்து பிலிமைத் தூக்கிப் போய்விடுவார்கள். கெர்லிண்டே பிழைப்பாள். ஆனால் இன்னும் சில நிமிடத்தில் மணப்பெண் முழுதாகிவிடுவாளே. நூறு வருடத்தில் யாரும் பார்க்காத முகம். ஒரே ஒரு பிரதி எடுத்துவிட்டு...

"ஹலோ? யாருங்க?"

வைத்துவிட்டார்.

காமிராவைப் பொருத்தினார். பிலிமின் ஒரு கட்டத்தைப் படமெடுத்தார். உதடு. இன்னொரு கட்டம். மூக்கு. சமையலறையில் ஏதோ தட்டு உடைந்தது. திரும்பவில்லை. கண்கள். திறந்தன. கீறல் இல்லை. கறை இல்லை. என்ன அழகு.

பின்னால் தரையைத் தடவிக்கொண்டு காலடிகள்.

"லோதார்..." தொண்டைக்குள்ளிருந்து வந்தது குரல். "இருட்டா இருக்கு. எங்க இருக்க நீ?"

அவர் தோளில் ஒரு கன்னம் சாய்ந்தது. வெதுவெதுப்பாகச் சட்டைக்குள் வழிந்தது.

காமிராவிலிருந்து கண்ணை எடுக்காமல், அவர் பிலிமை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினார்.