மூன்றாவது பூட்டு

பெட்டிக்குள் போனவர்கள் இரண்டு பேர். வெளியே வந்தவர்களும் இரண்டு பேர்தான். சுவிட்சில் மூன்று பூட்டு தொங்கியது.

மெக்கானிக் கணக்கில் புலி இல்லை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் நடக்கும்போதெல்லாம் அவருக்கு வயிற்றுவலி வந்துவிடும். ஆனாலும் மூன்று வரை எண்ணுவதில் இதுநாள் வரை அவர் தவறியதில்லை. ஒன்று அவருடையது. ஒன்று அவருடைய சகலையுடையது. மூன்றாவதும் அதே சிவப்பு, அதே அளவு. அதோடு தொங்கிய அட்டையிலும் அதே வாசகம்: ‘ஆள் உள்ளே. கை வைக்காதே.’ பெயர் எழுதும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

பத்து மாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு, லாரி நீளத்துக்குப் படுத்துக் கிடந்தது அந்தத் தகரப் பெட்டி. மாடிகளில் இருப்பவர்கள் விட்ட மூச்சையெல்லாம் உறிஞ்சி, வடிகட்டி, ஈரம் சொட்டும் குளிர்ந்த குழாய்களின் நடுவே ஓட்டி, மறுபடியும் அவர்களுக்கே மூச்சாக அனுப்பி வைப்பது அதன் உத்தியோகம். காகிதத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. அதோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அது வெறும் பெட்டி. அதன் நடு அறையில் ஆள் உயரத்துக்கு ஒரு காற்றாடிச் சக்கரம். சக்கரத்துக்குக் காற்று எது, கை எது என்ற பேதம் தெரியாது.

அதனால்தான் பூட்டு. உள்ளே போகிற ஒவ்வொருவரும் சுவிட்சை அணைத்து, அதிலுள்ள கொக்கியில் தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போகவேண்டும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. அவரவர் பூட்டை அவரவர்தான் கழற்றவேண்டும். கொக்கியில் ஒரு பூட்டு மிச்சமிருந்தால் உள்ளே ஓர் ஆள் மிச்சம். மாமியாரை எதிர்த்துப் பேசலாம், இந்த விதியை எதிர்த்துப் பேசக்கூடாது என்பார் மெக்கானிக்.

அவருக்கு அதில் காரணம் இருந்தது. பல வருடங்களுக்கு முன் வேறொரு கட்டடத்தில் யாரோ அவசரப்பட்டு அடுத்தவன் பூட்டை அறுத்துவிட்டார்கள். உள்ளே இருந்தவனை மெக்கானிக்குக்குத் தெரியாது. அந்தப் பெட்டியைக் கழுவுவதற்குத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் கழுவினார்.

“உன்னுதா சகல?” என்று கேட்டார்.

சகலை தன் பூட்டைக் கழற்றிக் காட்டினான். அவனுக்கு மனைவி ஒன்று, பூட்டு ஒன்று, இரண்டையும் சமாளிப்பதே பெரும்பாடு என்றான். பிறகு அந்த மூன்றாவது பூட்டை விரலால் ஆட்டிவிட்டுச் சொன்னான்:

“மாமனார் வந்து போட்டிருப்பாருண்ணே. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வீட்டுல பூட்டுப் போட்டவரு அவருதானே.”

மெக்கானிக் சிரித்தார். சிரிப்பு அந்த அறையின் தகரத்தில் பட்டு, கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது.

பகல் இரண்டு மணி. வெளியே வெயில் சுட்டெரித்துக்கொண்டிருந்திருக்கும். இங்கே ஒரு குழல்விளக்கு, கிரீஸ் நாற்றம், புதுப் பெல்ட்டின் ரப்பர் வாடை, எங்கோ ஒரு தட்டில் விட்டு விட்டுச் சொட்டும் தண்ணீர். காலையிலிருந்து இருவரும் பேரிங் மாற்றி, பெல்ட் மாற்றி, கரப்பான்பூச்சியோடு சமாதானம் பேசி, வேலையை முடித்திருந்தார்கள். ஓடவிட்டுப் பார்த்தபின் பெல்ட்டுக்கு மூடி மாட்டவேண்டியதுதான் பாக்கி. மேலே பத்தாவது மாடி மண்டபத்தில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே ஜன்னல் உண்டு, ஆனால் திறக்காது. மேனேஜர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனில் வந்து, மூன்று பேருக்குத் தலைசுற்றல், ஒரு வயதானவருக்கு மூச்சுத் திணறல் என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கூடவே ஒவ்வொரு முறையும் இவர்கள் இருவரின் பரம்பரையையும் விசாரித்தார்.

மெக்கானிக் டார்ச்சை எடுத்துக்கொண்டு பெட்டியின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். வடிகட்டி அறை: பழைய தூசி, புதிய வலை, ஆள் இல்லை. குழாய் அறை: ஈரம், ஆள் இல்லை. சக்கர அறை: அசையாத சக்கரம், அதன் நிழல், நிழலுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் நிழல். ஒவ்வொரு கதவிலும் தலையை நீட்டி, “யாருப்பா உள்ளே?” என்று கேட்டார். எங்கும் பதில் வரவில்லை. சக்கர அறையில் மட்டும், கேட்டு முடித்தபின், அந்தச் சொட்டுச் சத்தம் கொஞ்ச நேரம் நின்றுபோனது. யாரோ கவனித்துக் கேட்பதுபோல.

வாசல் காவல்காரருக்குப் போன் போட்டார். வேறு யாராவது கீழே இறங்கினார்களா? நோட்டில் இரண்டு பேர்தான் என்றார் அவர். பிறகு கொஞ்சம் சலிப்போடு, “இப்பத்தானே நீங்களே மேல வந்து தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போனீங்க. அப்பவே கேட்டிருக்கலாம்ல?” என்றார்.

மெக்கானிக் போனை வைத்தார். காலையிலிருந்து அவர் மேலே போகவில்லை. தொண்டை வறண்டிருந்தது. இதைச் சகலையிடம் சொல்ல வாயெடுத்தார். காவல்காரருக்குக் கண்ணில் புரை என்று முந்தாநாள் யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. அப்படியே விட்டுவிட்டார்.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை மேனேஜர் திட்டவில்லை, கெஞ்சினார். வயதானவரைத் தரையில் படுக்க வைத்திருக்கிறார்களாம். பூட்டை அறுத்துவிடுங்கள், பொறுப்பு நான் என்றார். சகலை ஆயுதப் பையிலிருந்து வெட்டுக் கத்தரியை எடுத்தான். மெக்கானிக் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏன் செய்தார் என்று அவருக்கே தெரியாது. தன் பூட்டைக் கழற்றிவிட்டு, கையிலிருந்த சாவியை அந்த மூன்றாவது பூட்டில் நுழைத்தார். அது நுழைந்தது. திருப்பினார். பழகிய நாய் வாலாட்டுவதுபோல, தடையே இல்லாமல் திறந்துகொண்டது.

சகலை தன் சாவியைப் போட்டுப் பார்த்தான். பாதிகூட நுழையவில்லை.

“அப்ப உங்களுதுதாண்ணே. மறதியில ரெண்டு போட்டுட்டீங்க. வயசாவுதுல்ல.” அவன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான்.

மெக்கானிக்கிடம் இருந்தது ஒரே பூட்டு. அது இடது கையில் இருந்தது. வலது கையில் இன்னொன்று. ஒரே சாவிக்கு இரண்டும் திறக்கின்றன. விதி என்னவோ எளிமையானதுதான். பூட்டு யாருடையதோ, உள்ளே இருக்கிறவன் அவன். அவர் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். வாய்விட்டுச் சொன்னால் சகலை வீட்டுக்குப் போய்த் தன் மனைவியிடம் சொல்வான். அவள் அக்காவிடம் சொல்வாள். அப்புறம் ஒரு மாதத்துக்கு மருத்துவரும் மந்திரிப்பவருமாக வீடு நிறையும்.

“இன்னொரு தடவ பாத்துட்டு வந்துடறேன்.”

“அண்ணே, மேல ஒரு உசிரு போய்ட்டிருக்கு.”

“கீழ ஒண்ணு போயிடக்கூடாதுல்ல.”

அவர் தன் பூட்டைக் கொக்கியில் மாட்டினார். இழுத்துப் பார்த்தார். மற்றதை ஆயுதப் பையின் மேல் வைத்தார். சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டார். பிறகு சகலையின் தோளைத் தொட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்:

“யார் சொன்னாலும் சுவிட்சப் போடாத. மேனேஜர் சொன்னாலும் போடாத. நானே வந்து, என் வாயால, யாரும் இல்லன்னு சொல்லணும். அப்பத்தான்.”

“சரிண்ணே. நீங்களே வந்து சொல்லுங்க.”

சக்கர அறையின் கதவு இடுப்பு உயரம்தான். குனிந்து, உடம்பை மடித்து உள்ளே போனார். தகரம் காலடியில் முனகியது. இரண்டு அங்குலப் பஞ்சு வைத்துத் தைத்த சுவர்கள் வெளியே இருந்த சத்தங்களை ஒவ்வொன்றாக விழுங்கின. போன் மணி, சகலையின் செருமல், குழல்விளக்கின் ரீங்காரம். கடைசியில் மிஞ்சியது அவர் மூச்சு மட்டும். அது உள்ளே கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. ஒருவர் விடுகிற மூச்சுக்கு அது அதிகம் என்று தோன்றியது. மூச்சை நிறுத்திப் பார்த்தார். அதுவும் நின்றது. ஆனால் உடனே நிற்கவில்லை.

மோட்டாருக்கும் சுவருக்கும் இடையே பக்கவாட்டில் நகர்ந்தார். மூடியில்லாத பெல்ட் சட்டையை உரசியது. சக்கரத்தின் பின்னால் டார்ச் அடித்தார். மூலை. இன்னொரு மூலை. ஈரத் தகரம். யாரும் இல்லை. நிஜமாகவே யாரும் இல்லை. மேலும் கீழும் இரண்டு முறை பார்த்தார். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. சகலையிடம் என்ன சொல்லி மழுப்பலாம் என்றுகூட யோசித்துவிட்டார்.

திரும்பினார்.

கதவு மூடியிருந்தது.

அந்தக் கதவுக்குக் கொண்டி வெளியேதான். மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் திருகி இறுக்கியிருந்தன. கதவின் நடுவே உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி. அதில் முகத்தை வைத்தார்.

வெளியே சகலை நின்றிருந்தான். பக்கத்தில் ஒருவர் பழந்துணியில் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெக்கானிக்குக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது. முழங்கைக்கு மேல் கிரீஸ் பட்ட, தான் போட்டிருக்கும் அதே நீலச் சட்டை. கழுத்தோரம் தன் மனைவி வேறு நிற நூலில் போட்ட தையல். அந்த ஆள் பையிலிருந்து சாவியை எடுத்தார். கொக்கியில் இருந்த பூட்டைத் திறந்தார்.

மெக்கானிக் தன் கையை விரித்துப் பார்த்தார். சாவி இருந்தது. உள்ளங்கையில் பதிந்து இருந்தது.

கத்தினார். பஞ்சு அதை வாங்கிக்கொண்டது. முஷ்டியால் அடித்தார். டார்ச்சால் அடித்தார். வெளியே அது யாரோ தலையணையைத் தட்டுவதுபோல் கேட்டிருக்கவேண்டும். சகலை தலையைத் திருப்பினான். அவன் உதடு அசைந்தது. சத்தம் எங்கிருந்தோ, தண்ணீருக்கடியிலிருந்து வந்தது.

“என்னண்ணே அது, உள்ள?”

அந்த ஆள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கதவை நோக்கி நடந்துவந்தார். அவசரமில்லாமல். மூட்டுவலிக்கு இடது காலைக் கொஞ்சம் சாய்த்து. குனிந்தார். இரண்டு கைகளையும் கண்ணாடிக்கு இருபுறமும் குவித்து வைத்து, உள்ளே பார்த்தார்.

முகத்துக்கு முகம். காலையில் சவரம் செய்தபோது பார்த்த அதே முகம். மோவாயில் அதே கீறல். கண்ணோடு கண்.

“நான்,” என்றார் மெக்கானிக். “நான் உள்ள இருக்கேன்.”

அவர் மூச்சில் கண்ணாடி மங்கியது. உள்பக்கம் மட்டும்.

வெளியே இருந்த முகம் நிதானமாகப் பார்த்தது. மேலே பார்த்தது. கீழே பார்த்தது. எந்த மூலையையும் விடவில்லை. நல்ல வேலைக்காரன் பார்க்கிற மாதிரி.

பிறகு தலையைத் திருப்பாமலே, அவர் வாயால் சொன்னது.

“யாரும் இல்ல சகல. போடு.”

முதுகுக்குப் பின்னால் பெல்ட் ஒருமுறை இறுகியது. முதல் சுற்று மெதுவாகத்தான் வரும். சட்டை முனை தூக்கியது. தலைமுடி தூக்கியது. காற்று கதவை இன்னும் இறுக்கிச் சாத்தியது.

கண்ணாடியில் அந்த முகம் அப்படியே இருந்தது. குவித்த கைகளை எடுக்கவில்லை. கண் இமைக்கவில்லை.