பதினாறு அங்குலப் பட்டை

செவ்வாய்க் கிரகத்தில் பொழுது விடிந்ததும் நாங்கள் செய்கிற முதல் காரியம், ஆளுக்குப் பத்துக் கிலோ ஈயத்தைக் காலில் மாட்டுவதுதான். எடைச்செருப்பு என்று அதற்குப் பெயர். அது இல்லாமல் வாசலில் நின்று பலமாகத் தும்மினால் போதும், ஆள் ஒரு முழம் எழும்பிவிடுவார். இங்கே ஈர்ப்பு அவ்வளவு குறைவு. ஆனாலும் இந்த மண்ணில் தக்காளி விளைவித்தோம், எங்கள் ஊரான தென்குமிழின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே அம்மனுக்குக் கோயில் கட்டினோம், மூன்று தெருவில் வடைக்கடை வைத்தோம். தென்குமிழ்க்காரர்கள் என்றால் சும்மாவா?

ஆனால் வெள்ளியப்பனின் பெருமைக்கு முன்னால் எங்கள் பெருமையெல்லாம் தூசு. பெயர் வெள்ளி, குடியிருப்பு செவ்வாயா என்று ஊரே கேலி செய்யும். அவர் கண்டுகொள்ள மாட்டார். இந்தக் கிரகத்திலேயே ஒரே சிப்பிப்பாறை வேட்டைநாய் அவருடையது. சிட்டு என்று பெயர். உறைபெட்டியில் எட்டு மாதம் தூங்கியபடியே பூமியிலிருந்து வந்து சேர்ந்த நாய் அது.

சிட்டுவிடம் ஒரே குறைதான். காலைநடையில் கயிற்றை இழுக்கும். பூமியில் நாய் இழுத்தால் கை வலிக்கும், அத்தோடு சரி. இங்கே அது நான்கு கால் நகங்களையும் ஊன்றி இழுத்தால், மறுமுனையில் இருப்பவர் ஈயத்தோடு சேர்ந்து பறப்பார். வெள்ளியப்பன் ஒருமுறை தக்காளிப் பாத்தியில் விழுந்தார். இன்னொரு முறை வடைமாவுக்குள். மூன்றாவது முறை விழுந்தால் நாயைப் பூமிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது குமிழ் விதி. இன்னொரு உறக்கத்தை சிட்டுவின் இதயம் தாங்காது என்று கால்நடை மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

வெள்ளியப்பனின் மனைவி குருவம்மாள் அதிகம் பேசுகிறவர் அல்ல. வடைமாவுக்குள் அவர் விழுந்த அன்றைக்குச் சோற்றைப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"சிட்டுவக் கப்பல்ல ஏத்துனா, பக்கத்துல எனக்கும் ஒரு பெட்டி சொல்லிருங்க."

வெள்ளியப்பன் சாப்பாட்டின் பாதியில் கையைக் கழுவிவிட்டுப் கழுத்துப்பட்டைக் கடைக்கு ஓடினார்.

கடைக்காரி சலோமி மூன்று கழுத்துப்பட்டைகளை எடுத்து வைத்தாள். இழுத்தால் பிடரியில் கிறுகிறுவென்று அதிர்வது ஒன்று. எலுமிச்சை வாடையைப் பீய்ச்சுவது இன்னொன்று. மூன்றாவது கணிப்பட்டை. அது முதல் வாரம் ஒன்றுமே செய்யாது, நாய் ஏன் இழுக்கிறது என்று கவனித்துக்கொண்டு மட்டும் வரும். காரணம் தெரிந்தபிறகுதான் அதிர்ந்து திருத்தும்.

எது நல்லது என்று வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். வெள்ளியப்பன், எது ஊரில் வேறு யாரிடமும் இல்லை என்று கேட்டார். கணிப்பட்டை கிரகத்துக்கே ஒன்றுதான் வந்திருக்கிறது என்றாள் சலோமி. அதையே சிட்டுவுக்குக் கட்டினார்.

ஒரு வாரம் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தார். எட்டாம் நாள் சலோமி பட்டையைக் கழற்றிக் கணக்குப் பார்த்தாள். பார்த்தவள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டாள்.

"அண்ணாச்சி, சிட்டு இழுக்கவே இல்ல. அது பாட்டுக்கு ஒரே சீரா நடக்குது. நீங்கதான் நின்னுருதீங்க."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தான் எங்கே நின்றோம் என்று சண்டைக்கே போய்விட்டார். சலோமி பட்டையைத் தட்டினாள். அவருடைய குரலே அதிலிருந்து வந்தது: "ஏழு தலைமுறையா முயல் புடிச்ச வம்சமாக்கும்." ஒரு காலைநடையில் முப்பத்தெட்டு இடத்தில் நின்று, முப்பத்தெட்டுப் பேரிடம் சிட்டுவைக் காட்டி அதையே சொல்லியிருந்தார். அவர் நின்றார், நாய் நிற்கவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

"இப்ப என்ன செய்யணும்?"

"பட்டையே சொல்லிருச்சு. பதினாறு அங்குலத்துக்கு விரிச்சுக் கட்டணுமாம்."

"சிட்டுவுக்குப் பதிமூணுதானே?"

சலோமி அளவுநாடாவை எடுத்து அவர் கழுத்தைச் சுற்றினாள். சரியாகப் பதினாறு.

அவமானத்தில் மனுஷனுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் உறைபெட்டிக்குள் சிட்டு படுத்திருப்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. குனிந்து கழுத்தைக் கொடுத்தார்.

அதன்பிறகு யாரையாவது பார்த்து அவர் நடையைத் தளர்த்தினாலே பிடரியில் கிறுகிறுக்கும். வாயை மூடிக்கொண்டு நடப்பார். முதல் நாள் முப்பது கிறுகிறுப்பு, பத்தாம் நாள் இரண்டு. கயிறு ஒருமுறைகூட விறைக்கவில்லை. நாய்நடையைச் சோதிக்கும் குமிழ் அதிகாரி வந்து பார்த்துவிட்டு, இழுக்காத நாய்க்குக் கயிறும் வேண்டாம் பட்டையும் வேண்டாம், சிட்டு இங்கேயே இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். குருவம்மாள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெள்ளியப்பன் பட்டையைக் கழற்றியிருக்கலாம். முதலில் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு திரிந்தவர்தான். கழுத்தில் என்ன அது என்று யாரோ கேட்டார்கள். நடந்துகொண்டே சொன்னார், கிரகத்திலேயே இது ஒன்றுதான் என்று. மறுநாள் துண்டு போய்விட்டது. அடுத்த நாள் சட்டையின் மேல்பொத்தானும் திறந்துகொண்டது. மூன்றாம் மாதம் சலோமி கடையில் சாதாரணப் பட்டைக்கே வரிசை. நாய் வளர்க்காதவர்கள்கூட நின்றார்கள். கோயில் தர்மகர்த்தாவுக்கு நீலப்பட்டை, வடைக்கடைக்காரருக்குப் பச்சை. உண்மையைச் சொன்னால் என்ன, நானும் ஒன்று வாங்கினேன்.

அடுத்த கப்பலில் பூமியிலிருந்து ஓர் இளைஞன் வந்து இறங்கினான். கழுத்தில் நாடா, நாடாவில் ஆபீஸ் அடையாள அட்டை. எட்டு மாத உறக்கத்திலும் அதை அவன் கழற்றவில்லை. எங்கள் கழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். நிற்காமல் நடந்துகொண்டிருந்த வெள்ளியப்பனின் கூடவே ஓடி வந்து, மரியாதையாகக் கேட்டான்.

"உங்களுக்கு எந்தக் கம்பெனி அண்ணாச்சி?"

வெள்ளியப்பன் கழுத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக் காட்டினார். அவனும் தன் அட்டையைத் தூக்கிக் காட்டினான். தென்குமிழ் முழுவதிலும் அன்றைக்கு வெறுங்கழுத்தோடு நடந்தது சிட்டு மட்டும்தான்.