பவளப் பாத்தி

நான்காவது மரத்தை யாரோ ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்தார்கள்.

வெர்னா அதன் முன்னால் தண்ணீரில் மிதந்தபடி, கையில் பிரஷோடு, என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மரம் என்றால் நிஜ மரமில்லை. கடலடியில் கட்டி மிதக்கவிட்ட பிளாஸ்டிக் குழாய், அதில் கிளைகளாகச் சிறு குழாய்கள், ஒவ்வொரு கிளையிலும் நைலான் நரம்பில் கட்டித் தொங்கும் விரல் நீள மான்கொம்புப் பவளத் துண்டுகள். சூறாவளி நொறுக்கிப்போட்ட பவளப் பாறையை மறுபடி வளர்த்தெடுக்க கரியாக்குத் தீவின் பெல்-ஆன்ஸ் ஊர்க்காரர்கள் போட்ட நாற்றங்கால் அது. வாரம் தவறாமல் தேய்க்காவிட்டால் பாசி மூடித் துண்டுகள் செத்துப்போகும். காற்று பலமாக அடித்ததால் பதினைந்து நாளாக யாரும் படகு எடுக்கவில்லை. மற்ற மரங்களில் பாசி கிழவன் தாடி போலத் தொங்கியது. இது மட்டும் குளிப்பாட்டித் துவட்டிய பிள்ளை மாதிரி, துண்டுக்குத் துண்டு வெள்ளைக் கொழுந்தோடு, நிம்மதியாக ஆடிக்கொண்டிருந்தது.

பாறைக்குள் இறால்கள் கடுகு வெடிப்பது போல ஓயாமல் படபடத்தன. அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. சரக். சரக். சரக். கம்பி பிரஷ் பாறையில் உராய்கிற சத்தம். ஆல்ட்வின் அந்தப் பக்கம் வேலை செய்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

படகில் ஏறியதும் கேட்டாள். "நாலாவது மரத்தை நீ எப்போ தேய்ச்ச?"

"நானா?" ஆல்ட்வின் முகக்கண்ணாடியைக் கழற்றினான். உயரமான ஆள்; சிரித்தால் முன்பல் ஒன்று உடைந்திருப்பது தெரியும். "நான் நங்கூரக் கயித்தை விட்டே நகரலையே. சிக்கு எடுத்துக்கிட்டு இருந்தேன்."

"பிரஷ் சத்தம் கேட்டுச்சே."

"மீனு தேய்ச்சிருக்கும். சம்பளம் கேக்காத ஆளுங்க."

குடைக்கடியில் உட்கார்ந்து வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டிருந்த மிஸ் யூலா சிரிக்கவில்லை. முப்பது வருஷம் தபாலாபீஸை நடத்திய அதே மிடுக்கோடு இப்போது இந்த ஊர்ச் சங்கத்தை நடத்துகிறவள். கடல் அடங்கிக் கிடந்தால் பவளம், கொந்தளித்தால் கடற்கரை இடுகாட்டில் சாய்ந்துபோன பழைய கல்லறைக் கற்களை நிமிர்த்துவது என்று, ஊரையே வேலை வாங்கினாள்.

"ஊரு ஜம்பிப் பேயெல்லாம் ஆட்டத்தை விட்டுட்டு பாசி தேய்க்க வந்துடுச்சாக்கும்!" என்றாள். "சிரிக்கிறத விடுங்க ரெண்டு பேரும். ரெண்டாவது மரத்துல பாதிக் கிளை காலியா இருக்கு. நரம்பு பிஞ்சு வரல, கத்தியால அறுத்திருக்கு. யாரோ திருடுறான்."

"பாய்மரக் கப்பல்ல வர்ற வெள்ளைக்காரனுங்களா இருக்கும்," என்றான் ஆல்ட்வின்.

வெர்னா அவன் கால் உறையில் செருகியிருந்த கத்தியைப் பார்த்தாள்.

அவனைச் சந்தேகப்பட அவளுக்குப் புதிதாகக் காரணம் தேவைப்படவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் அண்ணன் கார்லைல் சங்கு எடுக்கப் போனது இதே ஆல்ட்வினோடுதான். இருவரும் ஒன்றாகப் போனார்கள். ஒருவன் திரும்பி வந்தான். முங்கினான், மேலே வரவில்லை, இருட்டும்வரை தேடினேன் என்றான். போலீஸ்காரர்கள் கேட்டதற்கும் அதையே சொன்னான். ஊர் நம்பியது. வெர்னாவும் நம்பத்தான் பார்த்தாள். ஆனால் அன்று படகில் இருந்த சங்குகளை அவன் கரைக்குக் கொண்டுவந்திருந்தான். கூட வந்தவன் செத்த நாளில், ஒருவன் சங்குகளை வரிசையாக இறக்கி நிழலில் வைப்பானா? அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவன் கூரை வேய்ந்து கொடுத்தான், அம்மாவுக்கு மீன் கொண்டுவந்து போட்டான், சங்கத்தில் அவளுக்குத் துணையாக முங்கினான். ஒவ்வொரு உதவிக்கும் அவள் நன்றி சொன்னாள். ஒவ்வொரு முறையும் அந்தச் சங்குகள் நினைவுக்கு வந்தன.

உடல் கிடைக்காததால் கார்லைலுக்குக் கல் வைக்கவில்லை. கரியாக்குத் தீவில் செத்தவருக்குக் கல் நட்டு, ஆடு அடித்து, சோளமாவுக் களி உருட்டி விருந்து வைத்தால்தான் அவர் அடங்குவார். அதுவரை நடந்துகொண்டேதான் இருப்பார். "ஆளே இல்லாத குழிக்குக் கல்லு எதுக்கு?" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

அடுத்த முறை முங்கியபோது கடல் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. தெற்கே பெருநிலத்து ஆற்று வெள்ளம் வந்து கலக்கும் பருவம். தண்ணீரில் செத்த இலைகளின் வாடை, உப்புக்கு நடுவே ஒரு கசப்பு. பத்தடிக்கு அப்பால் எல்லாம் பச்சைக் கஞ்சி. ஐந்தாவது மரமும் தேய்க்கப்பட்டிருந்தது. மூன்றாவதில் துண்டுகள் குறைந்திருந்தன. சரக், சரக் என்று அந்தச் சத்தம் எங்கிருந்தோ வந்தது. தண்ணீருக்குள் சத்தத்துக்குத் திசை கிடையாது. காதுக்குள்ளேயே யாரோ தேய்ப்பது போலிருக்கும்.

ஆல்ட்வின் கண்ணில் படவில்லை. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று, அவள் நாற்றங்காலைத் தாண்டி, செத்த பவளங்கள் சாம்பல் மேடாகக் கிடக்கும் பக்கம் நீந்தினாள். அவள் மேட்டை நெருங்கியதும் சத்தம் நின்றது.

மேட்டுக்குப் பின்னால் தட்டையான பாறை ஒன்று இருந்தது. காணாமல் போன துண்டுகள் எல்லாம் அதில் இருந்தன.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அத்தனை நேர்த்தியான நடவு. பாறையை வெளுக்கத் தேய்த்து, சிமென்ட் உருண்டை வைத்து, துண்டை நட்டு, சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்தியிருந்தார்கள். ஊரில் இந்த வேலை தெரிந்தவர்கள் நாலைந்து பேர். எல்லாம் பிடித்து வளர்ந்திருந்தன. ஒவ்வொரு நுனியிலும் வெள்ளைக் கொழுந்து. அவள் சற்று மேலே எழும்பிப் பார்த்தாள்.

பாத்தி ஒரு ஆள் வடிவில் இருந்தது.

தலை. தோள். உடம்போடு ஒட்டிய இரண்டு கைகள். கார்லைலுக்கு இருந்தது போல நீண்ட கால்கள். ஊர் இடுகாட்டில் எல்லாரும் படுத்திருப்பது போலத் தலை மேற்கே, கால் கிழக்கே. பவளம் அடர்ந்து புடைத்திருந்ததால், கீழே வெறும் பாறைதான் இருக்கிறதா, வேறு ஏதும் இருக்கிறதா என்று தெரியவில்லை. கையை விட்டு விலக்கிப் பார்க்க அவளுக்கு மனம் துணியவில்லை.

அன்று சாயங்காலம் சங்கத்துக் கொட்டகையில் ஆல்ட்வின் காற்று சிலிண்டர்களை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தான். ரப்பர் உடைகள் கொடியில் தலையில்லாத ஆட்கள் போலத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தன. வெர்னா கதவை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கண்ணனை என்ன பண்ணுன?"

அவன் குழாயை மூடினான். திரும்பவில்லை.

"மேட்டுக்குப் பின்னாடி போய்ப் பார்த்தேன் ஆல்ட்வின். கொன்னு புதைச்சுட்டு, மேல பூ வேற நடுறியா?"

"நீ..." அவன் திரும்பினான். "அது நீ வச்சதில்லையா?"

"என்ன உளர்ற?"

"போன மாசமே பார்த்துட்டேன். நீதான் வைக்கிறேன்னு நெனச்சேன். ஊர்ல கல்லு வைக்க விடல, அதான் தங்கச்சிக்காரி கடல்லயே வைக்கிறாபோலன்னு. திருடு திருடுன்னு மிஸ் யூலா கத்துறப்பல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன், வெர்னா. உனக்காகத்தான். சத்தியமா."

"சங்கை எதுக்குடா கொண்டாந்த?" அவளை அறியாமல் வந்துவிட்டது. "அன்னைக்கு. அத்தனை சங்கையும் எதுக்கு இறக்கி வச்ச?"

அவன் கழுவிய சிலிண்டரை ஓரமாக வைத்தான். கொடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அவன் எடுத்தது அது," என்றான். "அவன் கை பட்டது. திரும்பக் கடல்ல கொட்ட மனசு வரல. வேற ஒண்ணுமில்ல."

நல்ல பதில்தான். மூன்று வருஷம் யோசித்துச் சொல்லக்கூடிய பதில். அவள் அவன் கண்ணையே பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை.

"நாளைக்கு ரெண்டு பேரும் போவோம்," என்றான் அவன். "பாறையில இருக்கறதப் பேத்துப் பார்த்துடலாம். அடியில ஆளு இருந்தா போலீஸைக் கூப்பிடு. என் மேல சந்தேகம்னா அதையும் சொல்லு. நான் ஓடிப்போக மாட்டேன்."

மறுநாள் காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது, பச்சையாக, தடிப்பாக. மிஸ் யூலாவுக்கு மூட்டுவலி, வரவில்லை. படகில் இருவர் மட்டும். ஆல்ட்வின் உளியும் சுத்தியலும் எடுத்து வைத்திருந்தான். கடலுக்கு நடுவில் அவனோடு தனியாக வந்திருக்கக் கூடாது என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. திரும்பலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் பயம் தெரிந்துவிடும்.

நங்கூரம் போட்டதும் அவன் சிலிண்டர் வாயில் காற்று சீறியது.

"வாஷர் போயிடுச்சு. நீ முன்னாடி இறங்கு, மாத்திட்டு வந்துடறேன். கயித்தை விட்டு நகராத."

முன்னால் இறங்கி, அவனைப் பின்னால் வரவிடுவதா? படகில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைவிட இதுவே மேல் என்று தோன்றியது. இறங்கினாள்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே போகப் போக வெளிச்சம் வடிந்தது. அடி தெரியவில்லை, பிறகு திடீரென்று மணல் காலைத் தட்டியது. குளிர். வாயில் ரப்பர் வாடை. சுற்றிலும் பச்சைச் சுவர். அவள் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. இழுப்பு, விடுப்பு. இறால்கள் படபடக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவை அடங்கி அவள் கேட்டதில்லை.

இடது பக்கத்திலிருந்து ஒரு கை வந்து அவள் கையைப் பற்றியது.

தூக்கிவாரிப் போட்டது. கறுப்பு ரப்பர் கை, முழங்கை வரை தெரிந்தது; அதற்கு மேல் கண்ணாடி விளிம்பு மறைத்தது. சீக்கிரமே வந்துவிட்டான். முகக்கண்ணாடி போட்டால் நேரே இருப்பதுதான் தெரியும். அவள் திரும்பிப் பார்க்கவும் விரும்பவில்லை. அந்தக் கை மெதுவாக இழுத்தது. வழி தெரிந்த கை. அவள் கூடவே நீந்தினாள்.

மேடு வந்தது. பாறை வந்தது.

பாத்தி காலி.

உடைந்த சிமென்ட் மொட்டைகள் ஆள் வடிவில் வரிசையாக நின்றன. ஒரு துண்டுகூட இல்லை. ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் பேர்த்திருக்கிறான், என்று நினைத்தாள். சாட்சியை அழித்துவிட்டு என்னையே கூட்டிவந்து காட்டுகிறான். கோபத்தில் கையை உதறினாள். பிடி விடவில்லை.

அப்போதுதான் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தாள்.

இரண்டாவது பாத்தி. புதிது. பாறையை வெள்ளை வெளேரென்று தேய்த்து வைத்திருந்தது. இன்னும் எதுவும் நடவில்லை. முதல் பாத்தியைவிடக் குட்டை. தோள் குறுகல். இடுப்பு அகலம்.

அவள் அளவு.

தொப்பென்று ஒரு சத்தம். தண்ணீருக்குள் அந்தச் சத்தம் யாருக்கும் தெரியும். படகின் விளிம்பிலிருந்து ஒருவர் மல்லாந்து கடலில் விழுகிற சத்தம். அவள் நிமிர்ந்தாள். சற்றுத் தள்ளி மேலே, வெளிச்சத்துக்கு எதிரே, படகின் கறுப்பு வயிறு நிழலாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் வெள்ளைக் குமிழிகள் வெடித்துக் கலைந்தன. இரண்டு கால்துடுப்புகள். ஆல்ட்வின் இப்போதுதான் இறங்குகிறான்.

அவள் மூச்சுக் குமிழிகள் மேலே போயின. ஒரு வரிசை. ஒரே ஒரு வரிசை.

கை இன்னும் அவள் கையில் இருந்தது. விரல் விரலாக இறுக்கியது.

திரும்பாதே.

திரும்பினாள்.

கறுப்பு ரப்பர் தோள். கறுப்பு ரப்பர் கழுத்து. அதற்கு மேல் முகம் இல்லை. பாத்தியில் காணாமல் போன அதே மான்கொம்புப் பவளம், கிளைக்கு மேல் கிளையாக அடர்ந்து, அவள் பக்கம் சாய்ந்து நின்றது. ஒவ்வொரு நுனியிலும் வெள்ளைக் கொழுந்து. வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்ன நீல மீன் தலையை நீட்டி, அவளைப் பார்த்து, மறுபடி உள்ளே போய்க்கொண்டது.