தாங்கும் ஊர்

புரட்டாசி பிறந்தால் கழிமுனையில் அழுகைப் பயிற்சி தொடங்கிவிடும். பெண்கள் கோயில் மண்டபத்தில் கூடி, யார் யாரைச் சொல்லி அழுவது என்று பேசி முடிப்பார்கள். காய்ச்சலில் செத்தவன், கிணற்றில் விழுந்தவள், தூக்கத்திலேயே போன கிழவர் எல்லோரும் மதிப்பீட்டு அதிகாரி வருகிற அன்றைக்குப் புயலில் செத்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

அதிகாரி ஹரிகரசுதன் ஏமாறுகிற ஆள் இல்லை. ஆனால் நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார், அழுகிறவர்கள் அழுது முடிக்கும்வரை காத்திருப்பார். பிறகு கையிலிருக்கும் கணிப்பானைத் தட்டுவார். யார் எப்போது எதனால் செத்தார்கள் என்பதெல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கும். அழுத கண்ணீர் அத்தனையும் வீண்.

புயலை அழிக்க இன்னும் யாராலும் முடியவில்லை, திருப்பத்தான் முடிகிறது. நடுக்கடலில் மிதக்கும் புயல்திருப்பிகள் தண்ணீரைக் குளிரவைத்து, புயலை வேண்டிய பக்கம் இழுத்துவிடும். எங்காவது ஒரு கரையில் அது ஏறித்தான் தீரும். எந்தத் தாலுகாவில் ஏறினால் குறைவான உயிர் போகும் என்று வெள்ள அபாயத்தையும் பழைய புயல்களின் வரலாற்றையும் பார்த்து முடிவு செய்வது கரையேற்ற வாரியம். அந்தக் கணக்குக்குத் தாங்குதிறன் எண் என்று பெயர். எண் கூடுதலாக இருக்கிற ஊருக்குத்தான் புயல். நியாயமான ஏற்பாடுதான், ஏறுகிற இடத்தில் நம் வீடு இல்லாதவரை.

முதல் மதிப்பீடு நடந்தபோது ஊருக்கு இதெல்லாம் தெரியாது. போன புயலில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டதும் மொத்த ஊரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. "ஒரு உயிர்கூடப் போகலை சார். எங்க அருமைக்கண்ணு இருக்கறப்ப போயிடுமா?" அந்தப் பெருமைதான் வினையாயிற்று. அதற்குப் பிறகு வங்கக்கடலில் கிளம்பிய பெரும்புயல் ஒவ்வொன்றும் கழிமுனைக்கே வந்தது.

அருமைக்கண்ணு புயல்காப்பகத்தின் பொறுப்பாளர். வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவனைத் தலைமயிரைப் பிடித்து இழுத்து வருவாள். நடக்க முடியாதவர்களை முதுகில் சுமப்பாள். கூரையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்ட நாத்தனார் பவளத்தை எல்லாப் புயலிலும் அப்படித்தான் சுமந்து வந்தாள். புருஷன் செத்த பிறகு அவளுக்கு வீடு என்று இருந்தது பவளம் ஒருத்திதான்.

"இந்த வருஷமும் எங்களுக்குத்தானா சார்?" என்று மதிப்பீட்டுக்கு வந்திருந்த ஹரிகரசுதனிடம் அவள் கேட்டாள்.

"முடிவு வாரியத்தோடதும்மா. ஆனா உங்க வரலாறு ரொம்ப நல்லா இருக்கு."

"வீடு நிக்க மாட்டேங்குது. கிணத்துல உப்பு. பிள்ளைங்க வயித்தால போயே மெலிஞ்சு கிடக்குதுங்க."

"புரியுதும்மா. ஆனா பக்கத்துத் தாலுகாவுல ஏத்தினா ஆயிரக்கணக்குல செத்துப்போவாங்க. நீங்க தாங்குறீங்க." அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அன்று மாலையே ஊர் கூடியது. தலைவர் சேப்பெருமாள் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "தப்பா எடுத்துக்காத அருமைக்கண்ணு. நீ காப்பாத்தக் காப்பாத்தத்தான் புயல் வருது. கொஞ்சம் பேரு போனாத்தான் எண்ணு இறங்கும்."

"யாரு போறது? நீங்க போறீங்களா?"

"யாரையும் கொல்லச் சொல்லலம்மா. தூக்கிட்டு வர வேண்டியவங்களை இந்த ஒரு வாட்டி தூக்காத. அவ்வளவுதான்."

அவள் வாயில் வந்தபடி ஏசினாள். ஊர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. "உன் வீட்டுல விட்டாத்தான் மத்த வீட்டுலயும் விடுவாங்க" என்றார் சேப்பெருமாள். புயல் வராத ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், அவளுக்கும் வேண்டியிருந்தது. கடைசியில் தலையாட்டினாள்.

ஐப்பசியில் புயல் சங்கு ஊதியது. பவளம் தலைவாரிப் பொட்டு வைத்து, மாற்றுச்சேலையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். "அண்ணி, மொதல்ல ஊர்ப் பிள்ளைங்களைக் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. எனக்கு அவசரமில்ல."

"வந்துர்றேன் பவளம்."

"கதவைச் சாத்தாதீங்க. நீங்க வர்றது தெரியட்டும்."

கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனாள் அருமைக்கண்ணு. காப்பகத்தின் இரும்புக் கதவை மட்டும் இழுத்துச் சாத்தினாள். உள்ளே இருந்தவர்கள் யாரும் யாரையும் எண்ணவில்லை. எந்த வீட்டில் யார் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். காற்று கத்திய கத்தலில் வேறு எதுவும் கேட்கவில்லை, அதற்காக அவள் சாமிக்கு நன்றி சொன்னாள். சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

தண்ணீர் வடிந்தபின் பவளத்தைக் கண்டெடுத்தார்கள். அவள் உட்கார்ந்த இடத்தில் இல்லை. கைகளாலேயே ஊர்ந்து வாசற்படிவரை வந்திருந்தாள்.

அடுத்த புரட்டாசியில் யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. ஹரிகரசுதன் வந்தபோது ஊர் தானாகவே அழுதது. அவருக்கும் கண் கலங்கியது. பிறகு கணிப்பானைத் தட்டினார்.

"எவ்வளவு இறங்கியிருக்கு சார்?" என்று கேட்டார் சேப்பெருமாள்.

"ஏறியிருக்கு ஐயா."

"எப்படிங்க? இத்தனை பேரு செத்திருக்காங்களே!"

"இறந்தவங்க எல்லாரும் நடக்க முடியாதவங்க. உங்க எண்ணைக் கொஞ்சமாவது கீழே இழுத்துப் பிடிச்சிருந்தது அவங்கதான். இப்ப மிச்சமிருக்கற எல்லாரும் ஓடத் தெரிஞ்சவங்க. முன்னைவிட நல்லாவே தாங்குவீங்க."

அருமைக்கண்ணு பவளத்தை எதற்காக விட்டாளோ அது கிடைக்கவில்லை. அவள் கொடுத்தது போதவில்லை என்றால்கூட ஆறியிருக்கும். கொடுத்ததே குற்றமாகிவிட்டது.

"அப்ப எதுதான் சார் எண்ணை இறக்கும்?" என்றார் சேப்பெருமாள்.

ஹரிகரசுதன் ஆறுதலாகத்தான் சொன்னார். "பயப்படாதீங்க ஐயா, அது இறங்காது. உங்க மதிப்பெண்ணுல பாதிக்கு மேல இந்த அம்மா ஒருத்தங்களோடது. இவங்க இருக்கற வரைக்கும் இந்த ஊருக்கு ஒண்ணும் ஆகாது." அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டியேறினார்.

வண்டியின் சத்தம் அடங்கியதும் சேப்பெருமாள் அவள் பக்கத்தில் வந்து கையை நீட்டினார்.

"காப்பகச் சாவியைக் குடும்மா. இந்த வருஷம் நாங்களே தொறந்து, நாங்களே உள்ள போய்ச் சாத்திக்கிறோம். நீ வீட்டுலயே இரு."

அவள் இடுப்பிலிருந்து அதை அவிழ்த்துக் கொடுத்தாள்.