இசையமைப்பாளரின் விரல்கள்

"அண்ணை, இவரைப் பொலிசிலை குடுக்கப் போகினமாம்! ஓடி வாங்கோ!"

சுவிஸ் நாட்டின் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையிலிருந்து தொலைபேசியில் அழுதவள் செல்வராணி. பேர்னில் அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்க்கும் நித்தியானந்தன், ஊரில் பொலிஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவர், லேசில் பதறமாட்டார். அவருடைய அறைத்தோழன் இரவீந்திரனுக்கோ கால் தரையில் நிற்கவில்லை. ரயில் ஏறும்போதே, "கள்ளன் ஆரெண்டு நினைக்கிறியள்?" என்று தொடங்கிவிட்டான்.

ஹோட்டல் கூடத்தில் ஒரு பழைய ஓவியம். முதலாளி திரேசாவின் பாட்டனார் பியானோ வாசிக்கிறார். அவர் இசையமைப்பாளர்; தீட்டியவர் அவருடைய சிநேகிதரான இம்ப்ரெஷனிச ஓவியர். கிட்டப் போனால் வெறும் வண்ணத் தீற்றல், தள்ளி நின்றால் ஆளே உயிரோடு இருப்பார். அன்று காலை வந்த மதிப்பீட்டாளர் அதைப் போலி என்று சொல்லிவிட்டார். முதல் நாள், வெள்ளி காலை, தூசி தட்டுவதற்காகப் படத்தைத் தனியே இறக்கியவன் செல்வராணியின் கணவன் வரதராசா. அப்போதுதான் மாற்றியிருக்கிறான் என்று மனேஜர் ப்ரூனர் அடித்துச் சொல்ல, வந்திருந்த பொலிஸ்காரர் வரதராசாவின் பெயரை எழுதிக்கொண்டார். வழக்கு விழுந்தால் அகதி விண்ணப்பம் அம்போதான். புருசனையும் பெண்சாதியையும் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள்.

நித்தியானந்தன் படத்தருகே குனிந்தார். கீழ்ச் சட்டத்தில், படத்தின் விளிம்பை ஒட்டியிருந்த பியானோ விரல்களுக்கு நேர் கீழே, மஞ்சளாக ஓர் அரைவட்டம். ஓவியத் துணி தொடங்கும் இடத்தில், கத்தியால் வெட்டியதுபோல அது நின்றிருந்தது.

"வரதராசா, இது சந்தனமோ?"

அவன் முகம் வெளிறியது. "ஓம் அண்ணை. படத்தைத் திருப்பி மாட்டினாப்பிறகு வைச்சனான். மத்தியானம் பேர்னிலை விசாரணை எல்லோ? நானும் ஊரிலை வயலின் வாசிச்சனான். அந்த வித்துவான்ர விரலிலை ஒரு பொட்டு வைச்சிட்டுப் போனால் நல்லதெண்டு நினைச்சன். சட்டத்திலும் பட்டிட்டுது. சொன்னால் வேலையாலை நிப்பாட்டிப்போடுவினம்."

"அட மடையா! இப்ப மட்டும் மாலை போடுவினமோ?" என்று இரவீந்திரன் தலையில் அடித்துக்கொண்டான்.

நித்தியானந்தன் ஜெர்மன் மொழியில் ப்ரூனரிடம் கேட்டார்: "இந்த மஞ்சளை முன்பு பார்த்தீர்களா?"

"வெள்ளி மாலையே பார்த்தேன். படத்தின் விரல்களிலும் அப்பியிருந்தான், அநாகரிகம் பிடித்தவன்!"

"இந்த விரல்கள் சுத்தமாக இருக்கின்றனவே?"

"துடைத்திருப்பான்."

"துடைத்திருந்தால் சட்டத்திலும் இழுபட்டிருக்கும். இது நேர்கோடாக நிற்கிறது. பொட்டு வைத்த பிறகு துணியை மாற்றியிருக்கிறார்கள். வெள்ளி மாலை நீங்கள் பார்த்தது அசல். வரதராசாவோ மதியமே பேர்னுக்கு வந்தவன். விசாரணை முடிந்து என் வீட்டில் தங்கி, இன்று காலைதான் திரும்பினான். இடையில் கூடத்துச் சாவி யாரிடம் இருந்தது?"

திரேசா மெல்ல ப்ரூனரின் பக்கம் திரும்பினார். சாவி அவரிடம் மட்டுமே இருந்தது. பொலிஸ்காரர் தேட, அவருடைய காரின் பின்பெட்டியில், போர்வைக்குள் சுற்றியபடி அசல் அகப்பட்டது. விரல்களில் மறுபாதிச் சந்தனம் இன்னும் காய்ந்து கிடந்தது.

ப்ரூனரைக் கொண்டுபோகப் புறப்பட்ட பொலிஸ்காரரை வரதராசா பயந்து பயந்து பார்த்தான்.

"அண்ணை, இவர் முதல்லை என்ர பேரை எழுதினவர். அதை வெட்டச் சொல்லுங்கோ."

நித்தியானந்தன் மொழிபெயர்த்தார். பொலிஸ்காரர் ஒரு கணம் யோசித்து, அந்தத் தாளையே கிழித்துக் கொடுத்தார். செல்வராணி அதைப் பறித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடி, எரியும் அடுப்பில் போட்டாள். அது முழுதாகச் சாம்பலான பிறகுதான் அவளுக்கு அழுகை நின்றது.